கொட்டகையில் பிறந்த இளவரசி: கிரீன்ஹால்ஷ் குடும்பத்தின் போலிச் சிலை வழக்கு

1989-இல் ஒரு நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெரியவர் சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து நின்றார். கையில் சின்னதாக ஒரு வெள்ளிப் பாத்திரம், அதற்குள் ஒரு மரத்துண்டு. பிரஸ்டன் ஊரில் ஆற்றோரமாகக் கிடைத்தது, ஏதாவது பழைய சாமானா பாருங்கள் என்றார். பார்த்தவர்களுக்கு அது 10-ஆம் நூற்றாண்டு மன்னர் ஈட்ரெட் காலத்துப் பொருளாகத் தெரிந்தது. அப்படியானால் உள்ளே இருக்கும் மரத்துண்டு, இயேசுவை அறைந்த சிலுவையின் துணுக்கு என்று அந்தக் காலத்தவர் நம்பிப் போற்றியதாக இருக்க வேண்டும். பெரியவர் பெயர் ஜார்ஜ் கிரீன்ஹால்ஷ். பாத்திரத்தைச் செய்தது அவருடைய மகன் ஷான். பல்கலைக்கழகம் கொடுத்தது சொற்பத் தொகைதான், ஆனால் ஒத்திகை முடிந்துவிட்டது.

அந்த ஈரச் சட்டைதான் இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆற்றோரம் ஒரு பொருளைக் கண்டெடுத்தவன் வீட்டுக்குப் போய்த் துணி மாற்றி, டீ குடித்துவிட்டு மறுநாள் சாவகாசமாக வரலாமே! ஆனால் நனைந்த கோலத்தில் வந்து நிற்கிறவரிடம் உன் பூர்வீகம் என்ன, இது யார் கை மாறி வந்தது என்று குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் மனசு வராது. பொருளைச் செய்ய மகன் எவ்வளவு மெனக்கெட்டானோ அதே அளவு அப்பாவும் மெனக்கெட்டிருக்கிறார்.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஷானின் கைத்திறமையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை, பிரமிக்க வைக்கிற கை அது. ஆனால் வழக்கை முழுசாகப் படித்தபின் எனக்குத் தோன்றியது வேறு. அருங்காட்சியகங்கள் வாங்கியது சிலையை மட்டுமில்லை, அந்தக் குடும்பத்தையும் சேர்த்துத்தான் வாங்கின. ஒன்றும் தெரியாத வயசாளிகள், பரணில் தூங்கிய தாத்தா சொத்து, அதன் மதிப்பு தெரியாமல் விழிக்கிற முகங்கள் என்ற அந்தக் காட்சி இல்லாமல் சிலை மட்டும் தனியாக வந்திருந்தால் இத்தனை வருஷம் ஓடியிருக்காது.

குடும்பம் இருந்த இடம் மான்செஸ்டருக்கு வடக்கே போல்டன் ஊரின் ஓரத்தில், ப்ரோம்லி கிராஸ் என்ற பகுதி. ஊராட்சி வாடகைக்கு விடும் சாதாரண வீடு. 1961-இல் பிறந்த ஷான் 16 வயதில் பள்ளியை விட்டவர். ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதே இல்லை, எல்லாம் புத்தகத்தையும் மியூசியத்தையும் பார்த்துத் தானே கற்றது. கல்யாணம் ஆகாமல் அப்பா அம்மாவோடேயே இருந்தார். கூச்ச சுபாவம், டெலிபோனில் பேசக்கூடப் பிடிக்காது. அதனால் வியாபாரத்துக்காகப் போன் செய்ய வேண்டிய இடங்களில் அம்மா ஓலிவ் பேசினார். நேரில் போய்ப் பொருளைக் காட்டுவது அப்பா ஜார்ஜ் வேலை. அகப்பட்டபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எண்பது தாண்டியிருந்தது, அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்த வீட்டில் வாய் அப்பாவுடையது, கை பிள்ளையுடையது, குரல் அம்மாவுடையது. மோசடிக் கும்பல்கள் வழக்கமாக எங்கே உடையும் என்று பார்த்தால், பங்கு பிரிப்பதில் உடையும், ஒருவன் அப்ரூவராக மாறுவதில் உடையும். இங்கே பிரிக்கப் பங்கு இல்லை, காட்டிக்கொடுக்க வெளியாள் இல்லை. மூவருக்கும் ஒரே சமையலறை. 1989 முதல் 2006 வரை 17 வருஷம் இது ஓடியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி வேலை நடந்த விதம். போலி செய்கிறவர்கள் பொதுவாக ஒரு கலைஞரையோ ஒரு காலத்தையோ பிடித்துக்கொண்டு அதிலேயே கை பழகுவார்கள். ஷான் வெள்ளியும் செய்தார், மண்ணும் சுட்டார், கல்லும் செதுக்கினார், நீர்வண்ண ஓவியமும் தீட்டினார். ரோமானியர், எகிப்தியர், அசீரியர், இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிற்பி என்று கைக்கு அகப்பட்ட காலமெல்லாம் அவருடையதுதான். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. இருக்கிற பொருளை நகல் எடுப்பதில்லை. ஒரு காலத்தில் இருந்ததாகப் பதிவு உண்டு, ஆனால் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது என்ற வகைப் பொருளாகப் பார்த்துச் செய்வார். அப்போது நிபுணர் கையில் ஒப்பிட்டுப் பார்க்க அசல் இருக்காது. ஆவணம் மட்டும் இருக்கும், அதுவும் உண்மையான ஆவணம்!

ரிஸ்லி பார்க் வெள்ளித் தட்டு இதற்கு நல்ல உதாரணம். 1729-இல் டெர்பிஷயரில் ஏர் உழும்போது ஒரு ரோமானிய வெள்ளித் தட்டு கிடைத்தது, கண்டெடுத்தவர்கள் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தக் காலத்து அறிஞர் வில்லியம் ஸ்டூக்லி அதைப் பற்றி எழுதி வைத்தார், அதன்பின் தட்டைக் காணவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அந்தத் தட்டு துண்டுகளை ஒட்டவைத்த கோலத்தில் கிரீன்ஹால்ஷ் குடும்பத்திடமிருந்து வெளியே வந்தது. ஷான் அசல் ரோமானிய வெள்ளிக் காசுகளை வாங்கி உருக்கித் தட்டு வார்த்திருந்தார். வெள்ளியைச் சோதித்தால் ரோமானிய வெள்ளி என்றுதான் வரும், ஏனென்றால் அது ரோமானிய வெள்ளியேதான். அமெரிக்கர் இருவர் 1,00,000 பவுண்ட் கொடுத்து வாங்கி பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார்கள். மியூசியமும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை, பழைய தட்டின் நகல் என்றுதான் காட்சிக்கு வைத்தது. என்ன, அது எந்தக் காலத்து நகல், எந்த ஊர்க் கொட்டகையில் வார்த்த நகல் என்பதில்தான் கோட்டை விட்டது.

1994-இல் ஒரு சுடுமண் சிற்பம். பிரெஞ்சுக் கலைஞர் பால் கொகான் செய்தது என்று சொல்லி சோத்பீஸ் ஏலத்துக்குப் போனது. விற்றவர் பெயர் ராஸ்கோ அம்மையார், அதாவது ஓலிவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். ஏலத்தில் 20,700 பவுண்டுக்குப் போன அது, 1997-இல் சிகாகோ கலைக்கழகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து வருஷம் அங்கே கொகானாகவே வாழ்ந்தது. இப்படியே ஆங்கிலச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் செய்ததாக ஒரு சுடுமண் வாத்து, லீட்ஸ் நகரத்து ஹென்றி மூர் இன்ஸ்டிட்யூட்டுக்கு 3,000 பவுண்டுக்குப் போனது. இன்னும் பல இருக்கின்றன, எல்லாவற்றையும் சொல்லப்போனால் இளவரசிக்கு இடமிருக்காது.

1999-இல் குடும்பத்தின் கைக்கு ஒரு பழைய ஏலக் கேட்டலாக் வந்து சேர்கிறது. டெவன் மாவட்டத்தில் சில்வர்டன் பார்க் என்ற பிரபு மாளிகை, எக்ரிமான்ட் நான்காம் பிரபுவின் வீடு. 1892-இல் அந்த வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது அச்சடித்த பட்டியல் அது. அசல் பட்டியல்தான், அதில் எந்தப் போலியும் இல்லை. அதற்குள் ஒரு வரி: எட்டு எகிப்திய உருவங்கள். எவ்வளவு உயரம், என்ன கல், யாருடைய உருவம், ஒன்றும் கிடையாது. ஏலம் நடத்தியவர் அன்றைக்கு இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் நூறு வருஷம் கழித்து போல்டன் நகரத்துக்கு நாலரை லட்சம் பவுண்ட் மிச்சமாகியிருக்கலாம்.

அந்த ஒரு வரிக்குள் நுழைகிற மாதிரி ஷான் ஒரு இளவரசியைச் செதுக்கினார். பழைய எகிப்தின் மன்னர் அக்னாதேன், ராணி நெஃபர்டிட்டி தம்பதியின் மகள்களில் ஒருத்தி, துட்டன்காமனுக்கு உறவு. தலை இல்லை, கைகள் இல்லை, முழங்காலுக்குக் கீழே இல்லை, மெல்லிய மடிப்பு மடிப்பான உடை உடம்போடு ஒட்டியிருக்கும் ஒரு உடற்பகுதி மட்டும், 52 சென்டிமீட்டர் உயரம். அமார்னா காலம், அதாவது அக்னாதேன் ஆண்ட காலத்துப் பாணி அப்படி, கொஞ்சம் தூக்கலான இடுப்பு, வழவழப்பு. கால்சைட் கல்லில், சாதாரண வீட்டு உபயோகக் கருவிகளை வைத்துக்கொண்டு, தோட்டத்துக் கொட்டகையில் மூணு வாரத்தில் முடித்த வேலை. பழமை வர வேண்டுமே, அதற்குத் தேயிலைச் சாறும் களிமண்ணும் பூசினார். சிலை செய்த கல் பல கோடி வருஷத்துக் கல், அதை எப்போது செதுக்கினார்கள் என்று சோதனைக்கூடத்தில் போட்டு வருஷம் கண்டுபிடிக்க நேரான வழி கிடையாது. பாணியையும் மேற்பரப்பையும் கூட வரும் காகிதத்தையும் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அந்த மூன்றையும் குடும்பம் தயாராக வைத்திருந்தது.

2002-இல் ஜார்ஜ் போல்டன் மியூசியத்தை அணுகினார். முன்னோர் ஒருவர் சில்வர்டன் பார்க் ஏலத்தில் எடுத்தது, வீட்டில் கிடக்கிறது, இது தேறுமா என்று. மியூசியம் ஏமாந்த சோணகிரி என்று நினைத்துவிட வேண்டாம். போல்டன் பஞ்சாலை ஊர். ஆலை முதலாளிக் குடும்பங்களுக்கு எகிப்தோடு பழைய தொடர்பு உண்டு. ஆலை அதிபர் வீட்டுப் பெண்ணான ஆனி பார்லோ எகிப்து அகழாய்வு நிதிக்கு உள்ளூரில் பணம் திரட்டிய செயலாளர், அந்த வழியாக வந்து சேர்ந்த எகிப்தியப் பொருள்கள் அந்தச் சின்ன ஊர் மியூசியத்தில் கணிசமாக இருக்கின்றன. அதாவது, எகிப்து என்றால் அங்கே ஒரு பிடிப்பு உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு. இளவரசி வந்து இறங்க அதைவிடப் பொருத்தமான வாசல் வேறெது? அதுவும் நம்ம ஊர்ப் பெரியவர் கையால்.

மியூசியம் தன் கண்ணை மட்டும் நம்பவில்லை. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் காட்டினார்கள், பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்டினார்கள், இரண்டு இடத்திலும் அசல்தான் என்றே கருதினார்கள். உலகத்தில் இந்த மாதிரி சிலை மிகமிக அபூர்வம் என்ற வார்த்தையும் சேர்ந்துகொண்டது. 2003-இல் 4,39,767 பவுண்டுக்கு வாங்கினார்கள். பெரும்பகுதி தேசியப் பாரம்பரிய நினைவு நிதியிலிருந்தும் கலை நிதி அமைப்பிலிருந்தும் வந்த மானியம். ஒவ்வொருவரும் முன்னால் சரி சொன்னவரின் தோளில் கையை வைத்துக்கொண்டுதான் சரி சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வரிசையின் தலைமாட்டில் நின்றவர் யார் என்று பார்த்தால் ஒரு கிழவர், அவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும்தான் சொன்னார்.

பள்ளம் தோண்டும்போது கிடைத்தது என்று தங்க முலாம் பூசிய காசை நீட்டுகிற ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் காசை விற்பதில்லை, தன் அறியாமையை விற்கிறான். இவனுக்கு விவரம் பத்தாது, நமக்குத் தெரியும் என்று வாங்குகிறவன் நினைக்கிற அந்த நிமிஷத்தில்தான் வியாபாரம் முடிகிறது. ஜார்ஜ் செய்ததும் அதுதான், இடம்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பதிலாக மியூசியம். இங்கிலாந்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, அது வர்க்கம். ஊராட்சி வீட்டில் இருக்கிற, வடக்கத்தி உச்சரிப்பு பேசுகிற ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்குள் அமார்னா பாணி தெரிந்த கை இருக்கும் என்று படித்தவர்கள் யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். சந்தேகப்படாமல் இருந்ததற்கு இரக்கம் பாதிக் காரணம் என்றால் இளக்காரம் மீதிப் பாதி.

சரி, எப்படி மாட்டினார்கள்? அங்கேயும் குடும்பம்தான் காரணம் என்பேன். வெளியாள் இல்லாத வீட்டில், போதும் நிறுத்து என்று சொல்லவும் ஆள் இல்லை, இதை ஒரு தடவை சரிபார் என்று சொல்லவும் ஆள் இல்லை. இளவரசி விலை போனதும் அதே சில்வர்டன் பார்க் கேட்டலாக்கை மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை அசீரியப் புடைப்புச் சிற்பங்கள் மூன்று, செனகெரிப் மன்னனின் அரண்மனைச் சுவரிலிருந்து வந்தவை என்ற கதையோடு. கி.மு. 700 வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005-இல் இவை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. முதல் பார்வைக்கு அங்கே பெரிதாகச் சந்தேகம் வரவில்லை. பிறகு போன்ஹாம்ஸ் ஏல நிறுவனத்துக்குப் போனபோதுதான் அவர்களுடைய ஆலோசகர் ஒருவருக்குக் கல்லைப் பார்த்ததுமே உறுத்தியது. மறுபடி பிரிட்டிஷ் மியூசியத்துக்காரர்களை விசாரிக்க, அவர்கள் இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார்கள். குதிரையின் கடிவாள வார் மற்ற அசீரியச் சிற்பங்களில் இருப்பதுபோல இல்லை. கல்லில் பொறித்திருந்த ஆப்பெழுத்தில், அதாவது அசீரியர்களின் ஆப்பு வடிவ எழுத்தில், ஒரு சொல்லில் சிறு குறி விட்டுப்போயிருந்தது. நம்மில் யார் கண்ணுக்கும் படாத பிழை, ஆனால் மன்னன் பார்வைக்கு வைக்கும் கல்லில் அரண்மனைச் சிற்பி எழுத்துப் பிழை விட்டுவிட்டுத் தலையோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பானா? போதாததற்கு ஜார்ஜ் குறைந்த விலைக்கே கொடுத்துவிடத் தயாராக இருந்ததும் கண்ணை உறுத்தியது. ஒன்றும் தெரியாதவர் வேஷத்தை இத்தனை காலம் அளவோடு போட்டவர், அந்த ஒரு தடவை கொஞ்சம் மிகையாக நடித்துவிட்டார்.

மியூசியம் ஸ்காட்லாண்ட் யார்டின் கலைப்பொருள் பிரிவுக்குச் சொன்னது. போலீஸ் சில்வர்டன் பார்க் நூலைப் பிடித்து இழுத்ததும் பின்னாலேயே இளவரசியும் வந்துவிட்டாள். 2006-இல் போல்டன் மியூசியத்திலிருந்து சிலையை எடுத்துப்போனார்கள். வீட்டைச் சோதனை போட்டபோது கண்டதைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, என்னமோ போலவும் இருக்கிறது. வெள்ளி உருக்கும் உலை ஃப்ரிட்ஜின் தலையில். கட்டிலுக்கடியில் நீர்வண்ண ஓவியங்கள். பாதி செதுக்கிய கற்கள், சரியாக வரவில்லை என்று ஒதுக்கிய சிலைகள், அடுக்கடுக்காகக் கலைப் புத்தகங்கள். 1993-ஆம் வருஷத் தேதி போட்ட 20,000 பவுண்ட் காசோலை ஒன்றும் கிடந்தது.

அந்தக் காசோலைதான் இந்த வீட்டின் வரவு செலவைப் புரிந்துகொள்ள முடியாமல் செய்கிறது. போலீஸ் கணக்குப்படி 17 வருஷத்தில் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பாதித்திருக்கிறார்கள். பங்களா இல்லை, பகட்டான கார் இல்லை, அதே ஊராட்சி வீடு, அதே எளிய வாழ்க்கை. அப்படியானால் எதற்காக? ஷானை அங்கீகரிக்காத கலை உலகத்தைப் பழிவாங்க என்று ஒரு விளக்கம் அப்போது சொல்லப்பட்டது. இருக்கலாம். ஆனால் எண்பது வயதுத் தாயும் தகப்பனும் கலை உலகத்தின் மேல் என்ன வஞ்சம் வைத்திருப்பார்கள்? நான் நினைப்பது இதைவிடச் சாதாரணமானது. வெளியே போய்ப் பேசத் தெரியாத பிள்ளை, கொட்டகைக்குள் உட்கார்ந்து எதையோ அற்புதமாகச் செய்கிறது. அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று பெற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேறு வீடாக இருந்தால் பள்ளிக் கண்காட்சியோடு நின்றிருக்கும். இது என் ஊகம்தான், நீதிமன்றம் இப்படியெல்லாம் யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

2007 நவம்பரில் போல்டன் கிரௌன் நீதிமன்றத்தில் ஷானுக்கு 4 வருஷம் 8 மாதம் சிறை. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். ஓலிவுக்கு 12 மாதம், ஜார்ஜுக்குப் பின்னர் 2 வருஷம், வயதையும் உடல்நிலையையும் பார்த்து இரண்டையும் நிறுத்திவைத்தார்கள், இருவரும் சிறைக்குப் போகவில்லை. தீர்ப்பு வந்த அடுத்த மாதமே சிகாகோவிலிருந்த கொகான் சிற்பமும் கொகான் இல்லை என்று வெளியானது.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். தாத்தா, பாட்டி, கொட்டகை, தேயிலைச் சாறு, ஏமாந்த நிபுணர்கள், இதைவிட ஒரு நகைச்சுவைக்கு என்ன வேண்டும்? 2009 ஜனவரியில் பிபிசி இதைத் தொலைக்காட்சிப் படமாகவே எடுத்தது. பழம்பொருள்களுக்கு விலை சொல்லும் தன்னுடைய பிரபல நிகழ்ச்சியின் பெயரையே கொஞ்சம் திருகி, நடுவில் போக்கிரி என்று பொருள்படும் சொல்லை நுழைத்துத் தலைப்பு வைத்தார்கள். பீட்டர் வான் அப்பாவாகவும் லிஸ் ஸ்மித் அம்மாவாகவும் ஜெரமி ஸ்விஃப்ட் ஷானாகவும் நடித்தார்கள். குடும்பமாகச் சேர்ந்து ஊரை ஏய்க்கிற கதை என்றால் பார்க்கிறவர்கள் எப்போதும் குடும்பத்தின் பக்கம் போய்விடுவார்கள், அது திரைக்கதையின் தர்மம். அதில் எனக்கு ஒரு சின்ன நெருடல். போல்டன் மியூசியம் ஏதோ கோடீஸ்வரனின் தனிச் சேகரிப்பு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் காசில்லாமல் போய்ப் பார்க்கிற ஊர்ச் சொத்து, போன பணமும் ஊர்ப் பணம். லண்டன் நிபுணர்களின் மூக்கறுந்தது என்று நாம் சிரிக்கிறோம், மானக்கேடு வந்து விடிந்தது என்னவோ போல்டனுக்கு.

சிறையிலிருந்து வந்தபின் ஷான் சுயசரிதை எழுதினார், 2015-இல் வெளிவந்தது. அதில் ஒரு குண்டு போட்டார். லியொனார்டோ டா வின்சி வரைந்தது என்று சில நிபுணர்கள் சொல்லும் அழகிய இளவரசி ஓவியம் தான் 1978-இல் வரைந்தது, படத்தில் இருக்கும் பெண் போல்டன் கூட்டுறவுக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் என்றார். லியொனார்டோ ஆய்வாளர் மார்ட்டின் கெம்ப் இதை ஏற்கவே இல்லை. எனக்கும் முழுசாக நம்பிக்கை இல்லை, ஆனால் கேலிக்கூத்தைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கத் தான் செய்ததைத் தான் செய்யவில்லை என்று சொல்லிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை, கடைசியில் ஒன்றைத் தான்தான் செய்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் பூர்வீகச் சான்று கேட்கிறார்கள்.

அதற்கு முன்பே, 2010-இல், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மெட்ரோபாலிட்டன் போலீஸ் தான் பிடித்த போலிகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. அமார்னா இளவரசி வந்திருந்தாள், இந்தத் தடவை செய்தவரின் சரியான பெயரோடு. பக்கத்தில் அந்தத் தோட்டத்துக் கொட்டகையையும் மாதிரி செய்து நிறுத்தியிருந்தார்கள். இந்த வழக்கு சம்பந்தமாக மியூசியத்துக்கு வந்த நகல்களில் ஷானின் கைபடாதது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.